‘எனக்கு ஒரு குறையும் இல்லய்யா!’ - முதியோர் இல்லத்தில் பெற்றோர் சொல்லாததைக் கண்டுபிடிப்பது எப்படி?

“நல்லாத்தான் இருக்கேன்யா. எனக்கு ஒரு குறையும் இல்ல. நீ சாப்பிட்டியா?”

முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன் போட்டால், பல பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில் இதுதான். கேட்டதும் மனசு லேசாகிவிடும். ஆனால், அந்த போன் யார் கையில் இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்களா, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை.

2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிவந்த ஓர் இல்லத்தின் வேனைப் பொதுமக்கள் மறித்தார்கள். காரணம், உள்ளேயிருந்து கேட்ட ஒரு மூதாட்டியின் அலறல். அதே வேனில் ஒரு சடலமும் இருந்தது. அதிகாரிகள் சோதனை நடத்தி, அங்கிருந்த முதியவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அந்த மூதாட்டியால் கத்த முடிந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. கத்த முடியாதவர்கள், கத்த விரும்பாதவர்கள் நிலை?

முதியோர் காப்பகங்களில் வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பேர், முந்தைய ஓராண்டில் முதியவர்களிடம் ஏதோ ஒருவகையில் தவறாக நடந்துகொண்டதாக ஆய்வுகளில் தாங்களே ஒப்புக்கொண்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அடிப்பது மட்டுமல்ல, திட்டுவது, மிரட்டுவது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது, பணத்தைச் சுருட்டுவது, கவனிக்காமல் விடுவது எல்லாமே கொடுமைதான்.

ஏன் சொல்வதில்லை?

‘சொன்னால், பிள்ளை போன பிறகு இவர்களிடம்தானே இருக்க வேண்டும்’ என்ற பயம் முதல் காரணம். ‘இவ்வளவு பணம் கட்டுகிறான், அவனுக்கு இன்னும் ஒரு கஷ்டமா’ என்ற பாசம் இரண்டாவது. மறதி நோய் இருப்பவர்களுக்கோ, நடந்ததைக் கோவையாகச் சொல்லவே வராது.

பிள்ளைகள் பக்கமும் ஒரு தடை இருக்கிறது. பெற்றோரை இல்லத்தில் விட்டுவிட்டோமே என்ற குற்றவுணர்வு. அங்கே ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்ற பயத்தில், பலர் துருவிக் கேட்பதே இல்லை.

உடம்பு சொல்லும், அறை சொல்லும்

வாய் சொல்லாததைக் கண்ணால் பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது இவற்றைக் கவனியுங்கள்.

* காயங்கள்: இரண்டு மேல் கைகளிலும் விரல் பதிந்தது போன்ற கன்றல், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கயிறு கட்டிய தடம்.
* படுக்கைப் புண்: இடுப்பு, பிட்டம், குதிகால் பகுதிகளைப் பாருங்கள். எழ முடியாதவரைத் திருப்பிப் படுக்க வைக்காமல் விட்டால் முதலில் இங்கேதான் புண் வரும்.
* எடையும் தாகமும்: சட்டை, ரவிக்கை தொளதொளவென்று ஆவது, உதடு வறண்டு வெடிப்பது, தண்ணீர் கைக்கெட்டாத இடத்தில் இருப்பது.
* தூக்கம்: எப்போது போனாலும் மயக்கத்திலேயே இருந்தால், என்ன மாத்திரை, யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள்.
* சுத்தம்: மாற்றாத டயாபர், சிறுநீர் வாடை, நீண்டு வளர்ந்த நகம்.
* காணாமல் போகும் பொருள்கள்: கண்ணாடி, காது மெஷின், மோதிரம். பென்ஷன் வரும் ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது?
* பயம்: குறிப்பிட்ட ஊழியர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோவது. உங்களைத் தனியாகப் பேசவிடாமல் யாராவது கூடவே நிற்பது.

எல்லாக் கன்றலும் அடி அல்ல. வயதானவர்களின் தோல் மெல்லியது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றிவிடும். அதனால், ‘இது எப்படி ஆச்சு?’ என்று முதலில் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். பிறகு ஊழியரிடம், அதன்பின் நிர்வாகியிடம். ஆளுக்கொரு பதில் வந்தால் உஷாராகுங்கள்.

சந்தேகம் உறுதியானால்...

அங்கேயே சண்டை போட்டுவிட்டு, அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் பெரிய தவறு. முதலில் அவரைப் பத்திரமாக வெளியே கொண்டுவாருங்கள். உடல்நிலை மோசமாக இருந்தால் 108, உயிருக்கு ஆபத்து என்றால் 112.

அரசு மருத்துவமனையில் காட்டி, காயம் எப்படி ஏற்பட்டது என்பதை டாக்டரிடம் சொல்லிப் பதியவையுங்கள். அந்த ஏ.ஆர். காப்பி பின்னால் முக்கியமான ஆதாரம். காயத்தின் அளவு தெரியும்படி பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, தேதியோடு போட்டோ எடுங்கள். பணம் கட்டிய ரசீது, சேர்க்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தம், நிர்வாகத்தோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

14567: முதியோருக்கான தேசிய உதவி எண். கட்டணம் கிடையாது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை பேசலாம்.

காவல் நிலையம்: புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அடித்தது, அடைத்துவைத்தது, பணத்தைக் கையாடல் செய்தது எல்லாம் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் குற்றங்கள். பலருக்குத் தெரியாத பிரிவு 357-ம் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்பலாம். அங்கும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம்.

ஆட்சியர் அலுவலகம்: திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். மாவட்ட சமூக நல அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அங்கே இருக்கும் மற்ற முதியவர்களுக்கும் இது பாதுகாப்பு.

நுகர்வோர் ஆணையம்: பணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால் நஷ்டஈடு கேட்கலாம். 2 ஆண்டுகளுக்குள் வழக்கு போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால், வெளியூரில் இருப்பவர்கள் அலைய வேண்டாம்.

கோட்டாட்சியர் தீர்ப்பாயம்: ‘கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம்’ என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டு கைவிட்டார்களா? 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவின்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

இலவச வக்கீல்: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். எண் 15100. பாதிக்கப்பட்டவர் பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது.

பிள்ளைகளுக்கும் ஒரு எச்சரிக்கை

இதே 2007 சட்டத்தின் 24-வது பிரிவு, பராமரிக்க வேண்டிய மூத்த குடிமகனை அடியோடு கைவிடும் நோக்கத்தில் எங்காவது விட்டுச் செல்பவருக்கு 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. மாதாமாதம் பணம் அனுப்புவதோடு கடமை முடிந்துவிடாது.

சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பாருங்கள். ஒரு முறை காலையில், ஒரு முறை சாப்பாட்டு நேரத்தில், ஒரு முறை இரவில். நீங்கள் போக முடியாவிட்டால் சொந்தக்காரர் ஒருவரை அனுப்புங்கள். அடிக்கடி ஆள் வந்து போகும் முதியவரைத் தொட ஊழியர்கள் யோசிப்பார்கள்.

இந்த வாரம் போன் போடும்போது வீடியோ காலில் போடுங்கள். “குறை ஏதும் இருக்காம்மா?” என்று கேட்க வேண்டாம். அதற்குப் பதில் தெரிந்ததுதான். “காலையில என்ன சாப்பிட்டே? யார் குளிப்பாட்டினாங்க? கையைக் கொஞ்சம் காட்டும்மா” என்று கேளுங்கள்.