எலும்பை அரிக்கும் ஹார்மோன்

அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற மூளை ரண சிகிச்சை நிபுணரான ஹார்வி குஷிங், 1932-ஆம் ஆண்டில் 12 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். வட்டமாகிச் சிவந்த முகம், பருத்த உடல், மெலிந்த கைகால்கள், வயிற்றில் ஊதா நிறத் தழும்புகள் ஆகிய லக்ஷணங்களோடு, முதுகெலும்பு நலிந்து கூன் விழுவதையும் அவர் அதில் கவனமாகக் குறித்துவைத்தார். முதுமை தட்டாத வயதினருக்கு முதியோரின் எலும்பு வாய்த்த இந்த விபரீதத்தின் காரணம், அட்ரினல் சுரப்பிகள் அளவு மீறிப் பெருக்கும் கார்டிசால் என்னும் ஹார்மோனே என்பது பின்னர் தெளிவாயிற்று.

கார்டிசால் நமக்குப் பகையன்று. ஆபத்து நேருங்கால் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தி, உடலைச் சமாளிக்கச் செய்வது அதுவே. விடியற்காலையில் உச்சத்தை எட்டி, நள்ளிரவில் அடங்கிவிடுவது அதன் இயல்பு. அவ்வாறு அடங்காமல் நாள் முழுதும் உயர்ந்தே நிற்குமானால், எலும்பைக் கட்டும் உயிரணுக்களின் வேலையை அது முடக்குகிறது. குடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்பதைக் குறைத்து, சிறுநீரின் வழியே அச்சத்து வீணாவதை அதிகரிக்கிறது. தசைகளையும் நலிவித்துத் தடுமாற்றத்துக்கு இடமளிக்கிறது. எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் புதிதாய்க் கட்டப்படும் பொருளாதலால், வரவு நின்று செலவு மட்டும் நடக்கும் குடும்பத்தின் கதி அதற்கும் நேர்கிறது.

இந்த உண்மை உலகுக்கு உறைத்தது, ஒரு மகத்தான வெற்றிக்குப் பிறகுதான். 1948 செப்டம்பரில், அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மருத்துவர் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் நடமாட்டம் அற்றுக் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் உடலுக்குள் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் ஊசி போட, அவள் ஒரு வாரத்துக்குள் எழுந்து கடைவீதிக்குப் போய் வந்தாள். ஹென்சுக்கும், அட்ரினல் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும், அம்மருந்தை நெடுநாள் உட்கொண்டவர்களுக்குக் குஷிங் கண்ட அதே லக்ஷணங்கள் தோன்றி, முதுகெலும்பு நொறுங்கத் தொடங்கியதும் அந்தக் காலத்திலேயே தெரியவந்தது.

முதுமையிலோ சங்கடம் இரட்டிப்பாகிறது. வயது ஏற ஏற, இரவில் அடங்க வேண்டிய கார்டிசால் முன்போல அடங்குவதில்லை. எலும்புக்குள்ளேயே செயலற்ற கார்டிசோனைச் செயலுள்ள கார்டிசாலாக மாற்றும் என்சைமின் வீரியமும் கூடுகிறது. கார்டிசாலை உயர்த்தக்கூடிய நீடித்த மனச்சோர்வு உடையோரிடம் எலும்பின் அடர்த்தி குறைந்து காணப்படுவதையும் ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆனால் கவலை ஒன்றே எலும்பை முறித்துவிடும் என்று அடித்துச் சொல்வது மிகையாகும். உணவுக் குறைவு, உடல் அசைவின்மை, மாதவிடாய் நின்றபின் வரும் ஹார்மோன் மாறுதல் எல்லாம் சேர்ந்தே அந்த நலிவை உண்டாக்குகின்றன.

கவலையைக் காட்டிலும் நிச்சயமாக எலும்பைக் கெடுப்பது, ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் வருஷக்கணக்கில் விழுங்கும், கார்டிசாலைப் போலவே வேலை செய்யும் பிரெட்னிசோலோன் முதலிய ஸ்டெராய்டு மாத்திரையே. எலும்பிழப்பு மிக வேகமாக நிகழ்வது சிகிச்சையின் முதல் சில மாதங்களில்தான். மூட்டுவலிக்கென்று வைத்தியர் சீட்டில்லாமல் விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டெராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் கண்டுபிடிக்கப்பட்டதும் உண்டு.

ஆதலின், வீட்டில் முதியோர் உள்ளவர்கள், அவர்கள் உட்கொள்ளும் மருந்துகள் அத்தனையையும் வைத்தியரிடம் காட்டி, மூன்று மாதங்களுக்கு மேல் ஸ்டெராய்டு தேவையாயின் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி, எலும்பைக் காக்கும் மருந்து ஆகியவையும் வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். பயந்துபோய் ஸ்டெராய்டு மாத்திரையைத் தாமாகவே சட்டென்று நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. நெடுநாள் வெளியிலிருந்து ஹார்மோன் பெற்றுச் சோம்பிய அட்ரினல் உடனே விழித்துக்கொள்ளாதாகையால், அவ்வாறு நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.