நான்கு கோர் வேலியை உடைத்த ரைசன்

2007 ஜனவரியில் இன்டெல் கொண்டுவந்த கோர் 2 குவாட் கியூ6600-ல் நான்கு கோர்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ7-7700கே-யிலும் அதே நான்குதான். இடையில் ஒவ்வொரு கோரின் வேகமும் நன்றாகவே கூடியது, மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நாலு கோர் போதும் என்று முடிவு செய்தது யார்? எட்டு வேண்டுமென்றால் ஐ7-6900கே இருந்தது. விலை ஆயிரம் டாலருக்கு மேல். அதற்கென்று தனி மதர்போர்டும் வாங்க வேண்டும். போட்டிக்கு ஆள் இல்லாத சந்தை அது.

ஆள் இல்லாமல் போனதில் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டிக்கும் பங்கு உண்டு. 2011-ல் எட்டு கோர் என்று சொல்லி அது விற்ற புல்டோசர் சிப்பில், தசமக் கணக்குகளைப் போடும் பகுதியை இரண்டிரண்டு கோர்கள் பங்குபோட்டுக்கொண்டன. எண்ணிக்கைக்கு ஏற்ற வேகம் இல்லை. விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

பழையதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து வரைந்ததுதான் 'ஜென்'. 2012-ல் ஏஎம்டிக்குத் திரும்பிய ஜிம் கெல்லர், வடிவமைப்பை முன்னின்று நடத்திய மைக் கிளார்க், 2014-ல் தலைமைக்கு வந்த லிசா சூ மூவரும் இதில் முக்கியமானவர்கள். ஒரே கடிகாரத் துடிப்பில் 40% கூடுதல் வேலை என்பது இலக்கு. 52% கிடைத்ததாக ஏஎம்டி அறிவித்தது. 2017 மார்ச் 2-ல் ஜென்னை வைத்துச் செய்த ரைசன் 7 கடைக்கு வந்தது. எட்டு கோர், 16 த்ரெட். 1800எக்ஸ் 499 டாலர், 1700 வெறும் 329 டாலர்.

அந்தச் சிப்புக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டு கோர்களும் நான்கு நான்காக இரண்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் சொந்தமாக 8 எம்பி எல்3 கேஷ். ஓர் அணியிலுள்ள தகவல் மற்றதற்கு வேண்டுமென்றால் 'இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்' என்ற இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும். அந்த இணைப்பின் வேகமோ ரேமின் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருந்தது. 2133 ரேம் போட்டால் 1066 மெகாஹெர்ட்ஸ், 3200 போட்டால் 1600. ரேமை மாற்றினால் ப்ராசஸரின் உள்ளேயே போக்குவரத்து வேகமெடுக்கும்! ஆனால் ஆரம்ப மாதங்களில் பல மதர்போர்டுகளில் வேகமான ரேம் அதன் முழு வேகத்தில் ஓடவே மறுத்தது. புதுப் புது பயாஸ் வர வரத்தான் சரியானது. கேம்களில் 7700கே-தான் முன்னால் நின்றது. வீடியோ ரெண்டரிங்கில், ஏறக்குறைய அதே விலையிலிருந்த அந்த 7700கே-யை 1700 தாண்டிப் போனது.

என்னை அசத்துவது இன்னொன்று. இதே சிப்பை இரண்டு சேர்த்து 16 கோர் த்ரெட்ரிப்பர், நான்கு சேர்த்து 32 கோர் எபிக் சர்வர் ப்ராசஸர். கையில் காசு இல்லாத நிறுவனம் ஒரே அச்சை வைத்து மூன்று சந்தைகளில் இறங்கியது. அந்தத் துணிச்சலான கணக்குக்குத்தான் என் முதல் பாராட்டு.

பதில் வரத் தாமதமாகவில்லை. 2017 அக்டோபரில் இன்டெல்லின் ஐ7-8700கே ஆறு கோர்களோடு வந்தது. மறு ஆண்டு ஐ9-9900கே எட்டு. ஏஎம்டி வாங்காதவர்களுக்கும் லாபம்தான்.

ரைசனை மாட்டும் ஏஎம்4 சாக்கெட்டில் ஒரு தொல்லை உண்டு. ஊசிகள் ப்ராசஸரில் இருப்பதால், கூலரைக் கழற்றும்போது பேஸ்ட் பிடித்துக்கொண்டு ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். ஊசி வளைந்தால் தலைவலி. கம்ப்யூட்டரைச் சற்று நேரம் ஓடவிட்டு, சூடு இருக்கும்போதே கூலரை மெதுவாகத் திருகி எடுப்பது நல்லது. ஆனால் அதே சாக்கெட்தான் 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸருக்கும் பயன்பட்டது. 2017-ல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் பயாஸை மட்டும் புதுப்பித்து அதை மாட்ட முடிந்தது.