சோலைமந்தியும் ஓர் அணையும்

பாலக்காட்டு மலையில், சைலண்ட் வேலி எனும் அமைதிப் பள்ளத்தாக்கிலே, குந்திப்புழையாற்றின் குறுக்கே மின்சாரத்துக்காக அணை கட்டக் கேரள அரசு முனைந்தபோது, "மூழ்குவது 830 ஹெக்டேர்தானே!" என்றனர் சிலர். அக்கணக்கை நாம் ஒப்புவதற்கில்லை. அருகிவரும் சோலைமந்தி மரம்விட்டு மரம் தாவி வாழும் பிராணி. வெடிப்பலா அதற்கு முக்கிய உணவு. காடு துண்டானால் அதன் கூட்டமும் துண்டாகும்.

1976-இல் அமைந்த மத்திய ஆய்வுக் குழு, திட்டத்தைக் கைவிடுக என்றது. இயலாவிடின் இன்னின்ன காப்புகள் செய்க என்றும் சேர்த்து எழுதிவிட்டது. ஆதரித்தோர் பின்வரியை மட்டும் பற்றிக்கொண்டனர். காப்புக்கென 1979-இல் சட்டமும் இயற்றினர்! எம்.ஜி.கே. மேனன் குழு மீண்டும் ஆராய்ந்த பின்னரே, 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு அக்காடு தேசியப் பூங்காவாயிற்று.