பழைய வீடியோ கேமராவை ஆக்கர் கடைக்குப் போடாதீங்க!

"கேசட்" இருந்தும் கல்யாணத்தைப் பார்க்க முடியாமல் தவிப்பு

புது "லேப்-டாப்"பில் வயர் சேர மறுப்பது ஏன்?

நாகர்கோவில்-

பீரோவில் கேசட் இருக்கிறது. பரணில் கேமரா இருக்கிறது. மேஜை மேல் புத்தம் புதிய லேப்-டாப் இருக்கிறது.

ஆனாலும் கல்யாணத்தைப் பார்க்க முடியவில்லை!

கேமராவில் உள்ள துளை ஒரு மாதிரி. லேப்-டாப்பில் உள்ள துளை வேறு மாதிரி. இடையில் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு மனிதர் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்கிறது.

"இந்தப் பழைய சவத்தை எதுக்கும்மா வெச்சிருக்கிய? ஆக்கர் கடையில தூக்கிப் போடுங்க" என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். கேமரா எடைக்குப் போகிறது. கேசட் மட்டும் பத்திரமாகப் பீரோவில் இருக்கிறது.

அதுதான் பெரிய தப்பு. சாவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூட்டிய பெட்டியைக் காவல் காப்பது போன்ற கதை இது.

வளைகுடாவில் இருந்து வந்த கேமரா

குமரி மாவட்டத்துக்கும் வீடியோ கேமராவுக்கும் உள்ள உறவு பழையது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் லீவில் ஊர் திரும்பும்போது பெட்டியில் வந்த சாமான்களில் "ஹேண்டிகேம்" ஒன்று. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், மார்த்தாண்டம், தக்கலை வட்டாரங்களில் தங்கையின் கல்யாணம், பிள்ளையின் பிறந்தநாள், புதுவீடு பால் காய்ப்பு எல்லாம் அதில்தான் பதிவானது.

சுசீந்திரம் மார்கழித் தேர், கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, மண்டைக்காடு கொடை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

1.1.2000 அன்று கன்னியாகுமரி கடலில் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டது. அந்த நாட்களில் கரையில் நின்று எடுத்த கேசட் உங்கள் வீட்டில் இருந்தால், அதில் இரண்டு பாறைகளும் தனித்தனியாக நிற்கும். இன்று பார்க்கும் கண்ணாடிப் பாலம் 30.12.2024 அன்றுதான் திறக்கப்பட்டது.

கடல் கொண்டு போனது

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

26.12.2004 ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடற்கரை ஊர்களை வாரிச் சுருட்டியது. மாவட்டத்தில் சுமார் 800 பேர் மாண்டனர். மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலமே பெயர்ந்து போனது.

பாலமே நிற்காத இடத்தில் கல்யாண ஆல்பம் எப்படி நிற்கும்?

வீட்டோடு போட்டோவும் போன குடும்பங்களுக்கு, இறந்தவர்களின் முகத்தையும் குரலையும் பார்க்க மிஞ்சியிருக்கும் ஒரே இடம், கடலுக்குத் தள்ளி வாழும் உறவினர் வீட்டுக் கேசட்டாக இருக்கலாம். கல்யாணப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டோ, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டோ அவர்கள் அதில் ஓர் ஓரமாக நின்றுகொண்டிருக்கலாம்.

அந்தக் கேசட்டுகளுக்கு இப்போது 20 வயது தாண்டிவிட்டது.

எந்தக் கேசட் உங்களுடையது?

முதலில் கேசட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் மேலேயே பெயர் இருக்கும்.

பழைய பாட்டுக் கேசட் பருமனில் "8" என்றோ "ஹை 8" என்றோ எழுதியிருந்தால் அது பழைய முறை. "வீடியோ 8" 1985-ல் வந்தது. "ஹை 8" 1989-ல் வந்தது. கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் கொடுத்த பெரிய "வி.எச்.எஸ்." கேசட்டும் பழைய முறைதான்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக "மினி டி.வி." என்று இருந்தால் அது "டிஜிட்டல்". 1995-ல் வந்தது. சுனாமிக் காலத்தில் ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் அதிகம் புழங்கியது இதுதான்.

"டிஜிட்டல் 8" என்று நடுவில் ஓர் இனம் உண்டு. 1999-ல் வந்தது. இந்தக் கேமராக்களில் சில மாடல்கள் பழைய "ஹை 8" கேசட்டையும் ஓட்டும். அப்படி ஒன்று கையில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

கேசட்டே இல்லாமல் "மெமரி கார்டு" போடும் கேமரா என்றால் கவலையே வேண்டாம். கார்டை உருவி லேப்-டாப்பில் செருகினால் வேலை முடிந்தது.

ஏமாற்றும் துளை

தகராறு எல்லாம் "மினி டி.வி." கேமராவில்தான்.

இந்தக் கேமராக்கள் பலவற்றில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த "யு.எஸ்.பி.". எல்லோரும் முதலில் அதில்தான் வயரைச் செருகுகிறார்கள். லேப்-டாப்பும் "டிங்" என்று மணி அடிக்கும். ஆனால் கேசட்டில் உள்ள படம் வராது!

காரணம், ஒருசில மாடல்களைத் தவிர மற்றவற்றில் "யு.எஸ்.பி." வைத்தது "மெமரி கார்டில்" உள்ள போட்டோக்களை எடுப்பதற்காகத்தான். சில மாடல்களில் படம் வரும். ஆனால் சின்னதாக, மங்கலாக, விட்டுவிட்டு வரும். அதைப் பதிவு செய்துவிட்டு "கேசட் கெட்டுப்போச்சு" என்று நினைத்தால், கெட்டது கேசட் அல்ல. போன வழிதான் தப்பு.

கேசட்டின் படம் அப்படியே குறையாமல் வரும் வழி இன்னொரு துளை. பக்கத்தில் "டி.வி." என்று எழுதியிருக்கும். சோனி கேமராவில் "ஐ-லிங்க்" என்று இருக்கும். இரண்டும் ஒன்றே. இதன் பொதுப் பெயர் "பயர் ஒயர்". கேமரா பக்கம் 4 பின். கம்ப்யூட்டர் பக்கம் 4, 6 அல்லது 9 பின்.

இந்தத் துளைதான் இன்றைய லேப்-டாப்புகளில் கிடையாது!

"பயர் ஒயரை யு.எஸ்.பி. ஆக்கும் மாற்றுப் பின்" என்று சொல்லி ஒரு சின்னப் பொருள் விற்கப்படுகிறது. விலையும் குறைவு. வாங்காதீர்கள். இரண்டும் வேறு வேறு பாஷை பேசுபவை. பின்னை மாற்றினால் பாஷை மாறாது.

அப்படியானால் வழி என்ன?

வழி 1: வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய லேப்-டாப்பைத் தேடுங்கள். 2000-க்குப் பிறகு பத்து ஆண்டு காலம் விற்ற பல லேப்-டாப்புகளில் அந்த 4 பின் துளை உண்டு. "1394" என்று பக்கத்தில் எழுதியிருக்கும். இன்டர்நெட் இணைப்பு வேண்டாம். படத்தை இறக்கி, வெளி "ஹார்ட் டிஸ்க்"குக்கு மாற்றினால் போதும்.

வழி 2: மேஜைக் கம்ப்யூட்டர் இருந்தால் உள்ளே "1394 கார்டு" ஒன்று மாட்டலாம். கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்கு இது சில நிமிட வேலை. "வின் டி.வி." போன்ற இலவச மென்பொருள் படத்தை இறக்கித் தரும்.

வழி 3: "ஹை 8", "வி.எச்.எஸ்." போன்ற பழைய முறைக் கேசட்டுக்கு "பயர் ஒயர்" உதவாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று டி.வி.க்குப் போகும் மூன்று வயர்கள்தான் வழி. அவற்றை வாங்கி "யு.எஸ்.பி."யாக மாற்றும் "கேப்ச்சர்" கருவி புது லேப்-டாப்பிலும் வேலை செய்யும். மென்பொருளில் நம் நாட்டு முறையான "பால்" என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். வெளிநாட்டில் எடுத்த சில கேசட்டுகள் "என்.டி.எஸ்.சி." முறையில் இருக்கும்.

"மினி டி.வி." கேசட்டையும் இந்த மூன்றாவது வழியில் எடுக்கலாம். தரம் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

பெற்ற தாயே கைவிட்டாள்

"பயர் ஒயரை" வளர்த்து ஆளாக்கியது அமெரிக்காவின் "ஆப்பிள்" கம்பெனி. புதிய "மேக்" லேப்-டாப்பிலும் இரண்டு மூன்று மாற்றுப் பின்களைச் சங்கிலி போல் கோத்து, பழைய கேமராவைச் சேர்த்து வந்தார்கள்.

2025-ல் வந்த "மேக் ஓ.எஸ். டாஹோ"வில் அந்த வழியும் அடைபட்டது. "பயர் ஒயர்" ஆதரவையே எடுத்துவிட்டார்கள். எனவே கையில் "மேக்" வைத்திருந்து, கேசட்டும் மிச்சம் இருந்தால், புது பதிப்புக்கு மாறும் முன் படத்தை இறக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

சிவப்புப் பொத்தான் உஷார்!

வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை வருமாறு:-

கேசட்டின் முதுகில் சின்னத் தள்ளு பொத்தான் இருக்கும். "மினி டி.வி." கேசட்டில் அதை "சேவ்" பக்கம் தள்ளுங்கள். தள்ளாமல் விட்டுக் கை தவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், ஆச்சியின் கல்யாணத்தின் மேல் வீட்டுக் கூரை பதிவாகிவிடும்! அழிந்தது திரும்ப வராது.

கேமராவைப் படம் எடுக்கும் நிலையில் வைக்காமல், "பிளே" அல்லது "வி.சி.ஆர்." நிலையில் வையுங்கள். பழைய பேட்டரியை நம்ப வேண்டாம். கரன்ட் "அடாப்டர்" போட்டு ஓட்டுங்கள்.

"பயர் ஒயர்" வயரைச் செருகும்போது கேமராவும் கம்ப்யூட்டரும் அணைந்திருக்கட்டும். 6 பின் முனையைத் திருப்பிச் செருகினால் துளை கருகிப்போகும் ஆபத்து உண்டு.

ஒரு மணி நேரக் கேசட் இறங்க ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுப் பயன் இல்லை. "மினி டி.வி." ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். நாலு கேசட் கல்யாணம் என்றால் 52 ஜி.பி.!

"பென் டிரைவில் ஏற மாட்டேங்குது" என்பது அடுத்த புலம்பல். டிரைவ் "பேட் 32" முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் உள்ள ஒரே பைலை அது ஏற்காது. "எக்ஸ்-பேட்" முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும். எனவே காலி டிரைவில் செய்யுங்கள்.

இரண்டு மழை பூமி

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்க்கும் மாவட்டம் இது. பயிருக்கு நல்லது. கேசட்டுக்குக் கேடு.

கேசட்டின் சின்ன ஜன்னல் வழியே பாருங்கள். நாடாவில் வெள்ளைப் பொடியோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். அதைக் கேமராவில் போடவே கூடாது. போட்டால் கேமராவின் "ஹெட்" கெடும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்றே வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி.

நல்ல கேசட்டையும் எடுத்தவுடன் ஓட்ட வேண்டாம். ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்பச் சுற்றிவிட்டு ஓட்டினால் நாடா ஒட்டாமல் வரும்.

கடையில் கொடுக்கும் முன்

வீட்டில் முடியாதவர்கள் மாற்றித் தரும் கடைகளை நாடுகிறார்கள். கொடுக்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த வயர்ல எடுப்பீங்க?"

"மினி டி.வி."க்கு "பயர் ஒயர்" என்று பதில் வந்தால் சரி. டி.வி. திரையில் ஓடவிட்டுச் செல்போனில் பிடித்துத் தருவதாகத் தெரிந்தால் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கேசட்டில் வீட்டுப் பெண்கள், குழந்தைகள் படம் இருக்கும். எனவே எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். மாற்றியதும் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் நகலை முன்னால் நின்று அழிக்கச் சொல்ல வேண்டும். பழைய கேமராவை விற்பவர்கள், உள்ளே கேசட் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு விற்க வேண்டும்.

கேசட் சாகாது, ஓட்டும் யந்திரம் சாகும்

"பீட்டாமேக்ஸ்" கேசட் தயாரிப்பதை சோனி 2016-ல் நிறுத்தியது. அதே ஆண்டு ஜப்பானின் "புனாய்" கம்பெனி வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே, "2025-க்குள் மாற்றப்படாத நாடாக்கள் பெரும்பாலும் போனதுபோலத்தான்" என்ற பொருளில் எச்சரித்தது.

அரசாங்கக் காப்பகத்துக்கே இந்தக் கவலை என்றால் பீரோக் கேசட்டுக்கு?

நல்ல நிலையில் வைத்த நாடா இன்னும் சில ஆண்டு தாங்கலாம். அதை ஓட்டும் கேமராவுக்கு "ஹெட்"டும் இல்லை, "பெல்ட்"டும் இல்லை, உதிரிப் பாகமும் வருவதில்லை. அதிலும் "எல்.பி." வேகத்தில் எடுத்த கேசட், எடுத்த கேமராவில்தான் ஒழுங்காக ஓடும். வேறு கேமராவில் கட்டம் கட்டமாகச் சிதறும்.

எனவே எல்லாக் கேசட்டும் இறங்கி முடியும்வரை அந்தப் பழைய கேமரா வீட்டை விட்டுப் போகக் கூடாது.

இறக்கிய படத்தை வாட்ஸ்-அப்புக்காகச் சின்னதாக்கலாம். ஆனால் மூலப் பைலை அழிக்க வேண்டாம். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். இன்னொன்று வேறு ஊரில், உறவினர் வீட்டில் இருக்கட்டும். கடலோரத்துக்காரர்கள் என்றால் கடலை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.