மூச்சும் மரபும்

இரட்டைப் பிள்ளைகள் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கரு இரண்டாய்ப் பிரிந்து பிறந்தவர்கள். முகமும் ஒன்று, மரபணுக்களும் ஒன்று. எனினும் பனிக்காலம் வந்தால் ஒருவனுக்கு மட்டும் இழுப்புக் கண்டுவிடுகிறது. மற்றவன் அயர்ந்து உறங்குகிறான். ஆஸ்துமா பரம்பரை நோய் என்று சொல்லி நிறுத்திக்கொண்டால், இந்த வேற்றுமைக்கு விடை காண இயலாது.

விடையின் ஒரு பகுதியை எபிஜெனிடிக்ஸ் என்னும் துறை தருகிறது. இச்சொல்லை 1942-ஆம் ஆண்டில் வழங்கியவர் ஆங்கில உயிரியல் அறிஞர் கான்ராட் வாடிங்டன். மரபணுவின் எழுத்து மாறாமலே அதன் செயல் மாறுவதை இன்று இப்பெயரால் குறிக்கிறார்கள். ஏட்டில் ஒரு வரியின்மேல் மெழுகைப் பூசினால் எழுத்து அழிவதில்லை, படிக்கத்தான் முடிவதில்லை. உயிரணுவினுள் இம்மெழுகின் வேலையைப் பெரும்பாலும் செய்வது மெதைல் என்னும் சிறு தொகுதி: ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. மரபணுவின் தொடக்கத்தில் இது மிகுதியாக ஒட்டிக்கொண்டால், அம்மரபணு பெரும்பாலும் ஊமையாகிவிடும்.

கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரம் மலைகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது. வண்டிப் புகையும் வயல் தூசியும் அங்கே வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும். அந்நகரக் குழந்தைகளையும், காற்று தூய்மையாயுள்ள ஸ்டான்போர்டுப் பகுதிக் குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. நம் குருதியில் படைவீரர் போன்ற அணுக்கள் உண்டு. அவற்றை அடக்கி வைக்கும் காவல் அணுக்களும் உண்டு. காவல் தளர்ந்தால், தீங்கற்ற தூசியைக்கூடப் பகையெனக் கருதி உடல் போர் தொடுக்கிறது; மூச்சுக்குழாய் வீங்குகிறது. அக்காவலை ஆளும் மரபணுவின் பெயர் பாக்ஸ்-பி-3. பிரெஸ்னோவின் ஆஸ்துமாக் குழந்தைகளிடத்தில் அம்மரபணுவின்மேல் மெதைல் பூச்சு மிகுந்திருந்தது. காவல் அணுக்களின் ஆற்றலும் குன்றியிருந்தது.

இதைவிட வியப்பானது கருப்பையில் நடப்பது. தாய் புகைபிடித்த குழந்தைகளின் கொடிக் குருதியைப் பல நாட்டு அறிஞர்கள் சோதித்தார்கள். 13 ஆய்வுகளையும் 6,685 குழந்தைகளையும் கொண்ட கணக்கு 2016-இல் வெளியாயிற்று. 6,000-க்கு மேற்பட்ட இடங்களில் மெதைல் அளவு மாறுபட்டிருந்தது. தாமாக ஒரு மூச்சும் இழுக்கும் முன்பே அக்குழந்தைகளின் அணுக்களில் புகையின் தடம் பதிந்துவிட்டது!

பாட்டி புகைபிடித்திருந்தால் பேரக்குழந்தைக்கும் ஆஸ்துமா வரும் வாய்ப்பு மிகுதி என்று 2005-இல் தென் கலிபோர்னிய ஆய்வொன்று கூறிற்று. இதில் மாயம் ஏதும் இல்லை. பெண் சிசு வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய கருமுட்டைகளும் உருவாகிவிடுகின்றன. ஆகவே ஒரு புகை மூன்று தலைமுறையை ஒருசேரத் தொடுகிறது. ஆனால் அந்த ஆய்வில் மெதைல் தடத்தை அளந்து பார்க்கவில்லை. தடத்தின் வழியாகவே நோய் இறங்கியது என்பது ஊகம்தான்.

புகை என்றதும் சுருட்டையும் சிகரெட்டையும் மட்டும் எண்ணிவிட வேண்டாம். அவற்றிலுள்ள பலவகை நச்சுப் பொருள்கள் டீசல் கரியிலும், விறகு, வறட்டி எரியும் அடுப்பிலும் உண்டு. நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டம் கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்புத் தந்தது. எனினும் அடுத்த உருளைக்குப் பணமின்றி விறகுக்கே திரும்பிய வீடுகள் உண்டு. அங்கே ஊதுகுழலுடன் குனிந்திருக்கும் கர்ப்பிணியைப் பார்த்து, "உன் பிள்ளையின் நோய்க்கு நீயே காரணம்" என்று சொல்வது அறிவியலும் அன்று, நியாயமும் அன்று. அவள் விரும்பித் தேர்ந்த காற்றா அது?

ஓர் எச்சரிக்கையும் தேவை. குருதியில் காணும் தடம் நுரையீரலிலும் அப்படியே இருக்கும் என்பதில்லை. நோய் வந்த பின் அதன் விளைவாகத் தோன்றிய தடங்களும் இருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிவதே இத்துறையின் பெரும் வேலை.

எழுத்து மாறினால் மீளாது. மெழுகோ உருகக் கூடியது. புகைப்பழக்கத்தைக் கைவிட்டவர்களின் குருதியை ஆண்டுதோறும் பார்த்தால், ஏ.எச்.ஆர்.ஆர். என்னும் மரபணுவில் குறைந்துபோன மெதைல் அளவு, புகையாதவர்களின் நிலையை நோக்கி மெல்ல மெல்லத் திரும்புவதைக் காணலாம். சில தடங்களோ பல ஆண்டுகள் கழிந்தும் மறைவதில்லை.