காக்கா ஏன் தாத்தா ஆகிறது?

ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காவைக் காட்டிக் குழந்தை ‘தாத்தா’ என்றால் வீடே சிரிக்கும். நாக்கின் அடிப்பகுதி எழுந்து அண்ணத்தைத் தொட்டால் ‘க’. நுனி பல்லைத் தொட்டால் ‘த’. அடிநாக்கைத் தூக்கப் பழகாத வயதில் இது சகஜம். நான்கு வயதுக்குப் பிறகும் நீடித்தால் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். அடுத்தது பேச்சுப் பயிற்சி.

நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட், பயிற்சியாளர் இருப்பதோ சென்னையில் என்றால் வாராவாரம் போய்வர முடியுமா? அப்படியே போனாலும் மீதி ஆறு நாள் வீடுதான் பயிற்சிக்கூடம்.

பேச்சே வராத பிள்ளைகளுக்குச் சென்னையிலேயே ஒரு வழி பிறந்தது. ஐஐடியில் படித்த அஜித் நாராயணன், ‘வித்யாசாகர்’ அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய ‘ஆவாஸ்’ அது. படத்தைத் தொட்டால் கருவி பேசும். 2011இல் எம்ஐடியின் இளம் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் இடம்பெற்றார். ஆனால் நன்றாகப் பேசி, உச்சரிப்பு மட்டும் பிசகுகிற பிள்ளைக்கு இது தேவைப்படாது.

சொன்னதை எழுதித்தரும் செயலியை வைத்துத் திருத்தலாமே என்று தோன்றும். சரிப்படாது. அது பெரும்பாலும் பெரியவர்கள் குரலில் பழகியது; குழந்தையின் குரல்வழி குட்டை என்பதால் அதிர்வெண்கள் மேலே ஏறிவிடும். இன்னொரு வம்பு, அதன் பெருந்தன்மை. ‘தாத்தா பறக்குது’ என்றால், ‘பறக்குது’வைப் பார்த்து ‘காக்கா’ என்று தானே திருத்தினாலும் திருத்திவிடும். பிழையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் மறைத்தால் எப்படி?

ஒலியைத் திருத்தாமல் அப்படியே படமாக்கிக் காட்டுவதுதான் உதவும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் எழுதிய ‘பிராட்’ என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். ‘சோறு’ என்று சொன்னால் முதலெழுத்தின் காற்றொலி, படத்தின் மேற்பகுதியில், 4,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கறுப்பாகப் படரும். ‘தோறு’ என்றால் அந்தக் கறுப்பு இராது. வெற்றிடம், பிறகு மெல்லிய கோடு. ‘க’வும் ‘த’வும் இவ்வளவு எளிதில் பிரியாது. அதற்குப் பயிற்சியாளரின் காதே வேண்டும். போன மாதப் பதிவையும் இந்த மாதத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுச் சொல்லிவிடுவார்.

பதிவை ஃபோனிலேயே செய்து, கோப்பாக அனுப்புங்கள்; அழைப்பில் பேசவைத்தால் போதாது. பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ‘ச’வின் உயிர் அதற்கு மேலே இருக்கிறது. மின்விசிறி, மிக்சி, டிவி மூன்றையும் நிறுத்திவிட்டு, ஃபோனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வையுங்கள்.