உறுமும் மோட்டாரும் ஒரு சிறிய டப்பாவும்

கர்நாடகத்தில் சன்னபட்டணா என்று ஒரு ஊர் இருக்கிறது. பெங்களூரில் இருந்து மைசூர் போகும் வழியில், சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. மர பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர் அது.

அங்கே பொம்மை செய்ய வெட்பாலை மரம் பயன்படுகிறது. மரத்துண்டைக் கடைசல் எந்திரத்தில் மாட்டுவார்கள். எந்திரம் மரத்தைச் சுற்றும். சுற்றும் மரத்தில் உளியை வைத்தால் மரம் உருண்டு வடிவம் பெறும். பிறகு வண்ண அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகும். மரத்தில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் தாழை மடலால் தேய்ப்பார்கள். பொம்மை பளபளக்கும்.

இதற்கெல்லாம் மரம் வேகமாகச் சுற்ற வேண்டும். முன்பு கையாலேயே எந்திரத்தை இயக்கினார்கள். இன்று பல பட்டறைகளில் மின்சார மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது.

மோட்டார் நின்றால் என்ன ஆகும்? வேலை நிற்கும். கூலியும் நிற்கும்.

ஒரு நாள் காலையில்

அப்படி ஒரு பட்டறையை நினைத்துக்கொள்வோம். அங்கே ஒரு பெண்மணி வேலை செய்கிறார். செய்து முடிக்கும் பொம்மைக்குத் தகுந்தபடி அவருக்குக் கூலி. அவருடைய எந்திரத்தில் இருப்பது பழைய மோட்டார். அரை எச்.பி. திறன் உள்ளது.

ஒரு நாள் காலையில் அவர் சுவிட்சைப் போட்டார். "ம்ம்ம்" என்று மோட்டார் உறுமியது. ஆனால் சுற்றவில்லை. அவர் உடனே சுவிட்சை நிறுத்தினார்.

பக்கத்தில் இருந்த பையன் ஓடி வந்தான்.

"அக்கா, சுவிட்சைப் போட்டுக் கையால் ஒரு சுற்று சுற்றி விடுங்கள். ஓடிவிடும்" என்றான்.

"வேண்டாம் தம்பி. பெல்ட்டில் விரல் சிக்கினால் விரலே போய்விடும்" என்றார் அவர்.

அவர் செய்தது இரண்டும் சரி. உறுமும் மோட்டாரை அப்படியே விடக் கூடாது. சுற்றாமல் நிற்கும் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். கம்பிச்சுருள் சூடாகும். சிறிது நேரத்தில் கருகிவிடும். கருகினால் புதிதாகச் சுருள் கட்ட வேண்டும். அதற்குச் செலவு அதிகம். ஓடும் பெல்ட்டின் அருகே கை வைப்பது அதைவிடக் கேடு.

மோட்டார் ஏன் உறுமுகிறது?

மோட்டார் உறுமுகிறது என்றால் அதற்குள் மின்சாரம் போகிறது என்று பொருள். பிறகு ஏன் சுற்றவில்லை?

சைக்கிளை எடுத்துக்கொள்வோம். ஒரு பெடல் நேராக மேலே இருக்கிறது. அதைக் காலால் நேராகக் கீழே அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தினாலும் சைக்கிள் நகராது. பெடலைச் சற்று முன்னால் தள்ளிவிட்டு அழுத்தினால் உடனே நகரும். ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு கவலை இல்லை.

வீட்டுக்கு வரும் மின்சாரமும் அப்படித்தான். இது சிங்கிள் பேஸ் மின்சாரம். 230 வோல்ட் அளவில் வருகிறது. ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. ஓடும் மோட்டாரை இது தொடர்ந்து ஓட்டும். நிற்கும் மோட்டாரை எந்தப் பக்கம் சுற்றுவது என்று இதற்குத் தெரியாது. ஆகவே மோட்டார் நின்ற இடத்திலேயே உறுமுகிறது.

அந்த முதல் தள்ளலைக் கொடுக்க மோட்டாருக்குள் இரண்டாவது சுருள் ஒன்று உண்டு. அதற்கு ஸ்டார்ட்டிங் சுருள் என்று பெயர். அந்தச் சுருளோடு ஒரு சிறிய டப்பா சேர்ந்து வேலை செய்கிறது. அதுதான் கண்டன்சர். கெப்பாசிட்டர் என்றும் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் இதன் பெயர் மின்தேக்கி.

கண்டன்சர் வழியாகப் போகும் மின்சாரம் ஸ்டார்ட்டிங் சுருளுக்குச் சற்று முந்திச் சேர்கிறது. முதல் சுருள் ஒரு நேரத்தில் இழுக்கிறது. இரண்டாவது சுருள் வேறு நேரத்தில் இழுக்கிறது. இரண்டு கால்களும் மாறி மாறிப் பெடல் மிதிப்பது போல. மோட்டார் சுற்றத் தொடங்குகிறது.

முழு வேகத்தில் இந்த வகை மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றும். முக்கால் வேகம் வந்ததும் உள்ளே உள்ள ஒரு சுவிட்சு தானாகத் திறந்துகொள்ளும். "டிக்" என்று ஓசை கேட்கும். கண்டன்சரின் வேலை அத்துடன் முடிந்தது. அது வேலை செய்வது ஓரிரண்டு நொடிகள்தான். ஆனால் அந்த நொடிகள் இல்லாவிட்டால் மோட்டாரே இல்லை.

கோளாறு எங்கே?

உறுமல் கேட்டவுடன் கண்டன்சரைக் குறை சொல்லக் கூடாது. முதலில் மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி இருந்தால் கோளாறு பேரிங்கில் இருக்கலாம். எளிதாகச் சுற்றினால் அடுத்து கண்டன்சரைச் சந்தேகிக்கலாம்.

கண்டன்சர் பெரும்பாலும் மோட்டாரின் முதுகில் இருக்கும். வளைந்த தகட்டு மூடிக்குள் இருக்கும். உள்ளே மெல்லிய அலுமினியத் தாள்கள் இரண்டு சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே திரவத்தில் நனைத்த காகிதம் இருக்கும். ஆண்டுகள் போகப் போகத் திரவம் காயும். சூட்டிலும் கெடும். டப்பா உப்பி இருக்கிறதா, வெடித்திருக்கிறதா, ஏதாவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அடையாளம் ஒன்று இருந்தாலும் அது கெட்டுவிட்டது. பார்வைக்கு நன்றாக இருந்தும் கெட்டிருக்கலாம். அப்போது மீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்து அளந்து பார்க்க வேண்டும்.

ஆனால் அதைத் தொடுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிய வேண்டும். உயிரைக் காக்கும் விஷயம் அது.

பிளக்கைப் பிடுங்கினாலும் மின்சாரம் இருக்கும்

கண்டன்சர் ஒரு குடம் போன்றது. குழாயை மூடினாலும் குடத்தில் தண்ணீர் இருக்கும் அல்லவா? அதுபோல பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்சாரம் தங்கி இருக்கும். சில நேரம் 300 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும்.

இது மனிதன் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1746-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் லெய்டன் என்ற ஊரில் ஒரு கண்ணாடி ஜாடியில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்தார்கள். கண்டன்சரின் முன்னோடி அந்த ஜாடிதான். அதைத் தொட்டவரை அது பலமாகத் தாக்கியது.

நல்ல மோட்டார் நிற்கும்போது உள்சுவிட்சு மறுபடி மூடிக்கொள்ளும். தங்கிய மின்சாரம் சுருள் வழியாக வடிந்துவிடும். ஆனால் கோளாறான மோட்டாரில் அதை நம்ப முடியாது. நாமே வடிக்க வேண்டும்.

எப்படி வடிப்பது?

பழைய குண்டு பல்பு ஒன்று எடுங்கள். 230 வோல்ட், 60 வாட் பல்பு போதும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பை ஹோல்டரில் மாட்டுங்கள். ஹோல்டரில் இரண்டு ஒயர்களை இணையுங்கள். பல்பு நன்றாக இருக்கிறதா என்று முன்பே எரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி 5 நிமிடம் பொறுங்கள். மூடியைக் கழற்றுங்கள். ஒயரின் பிளாஸ்டிக் உறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைகளையும் கண்டன்சரின் இரண்டு முனைகளில் வையுங்கள். 10 நொடி அப்படியே வைத்திருங்கள். மின்சாரம் தங்கி இருந்தால் பல்பு மினுக்கென்று ஒளிரும். மினுக்காவிட்டாலும் 10 நொடி வைக்க வேண்டும். மறுபடியும் ஒரு முறை வைத்து எடுங்கள்.

சிலர் திருப்புளியைக் குறுக்கே வைத்து வடிப்பார்கள். அது தவறு. தீப்பொறி தெறிக்கும். கண்ணில் படலாம்.

டப்பாவில் எழுதியிருப்பது என்ன?

மெக்கானிக் இதைச் செய்வதை அந்தப் பெண்மணி முன்பே இரண்டு முறை கூட இருந்து பார்த்திருக்கிறார். பல்பை வைத்து வடித்தார். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்துகொண்டார். பிறகு டப்பாவைக் கழற்றினார். டப்பா ஒரு பக்கம் உப்பி இருந்தது.

அதன் மேல் இருந்த தூசியைத் துடைத்தார். எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தன. ஆனால் எண்கள் அவருக்குத் தெரிந்தவை. எழுத்தறிவு வகுப்பில் கற்றவை.

100-120 எம்.எஃப்.டி. என்று இருந்தது. அது கண்டன்சரின் அளவு. எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதைக் காட்டும். 275 வோல்ட் ஏ.சி. என்று இருந்தது. அது எவ்வளவு வோல்ட் தாங்கும் என்பதைக் காட்டும். அவர் இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டார். பழைய டப்பாவையும் பையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார்.

"இந்தாங்கம்மா, மோட்டார் கண்டன்சர்."

அவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். 10 எம்.எஃப்.டி. என்று இருந்தது.

"அண்ணா, பழையதில் 100-120 என்று போட்டிருக்கிறது. இதில் 10தான் இருக்கிறது. இது சேராதே?"

கடைக்காரர் பழைய டப்பாவை வாங்கிப் பார்த்தார். "ஆமாம்மா, இது ஸ்டார்ட்டிங் கண்டன்சர். நான் எடுத்தது ரன்னிங் கண்டன்சர்" என்று சொல்லி உள்ளே போனார். சரியானதை எடுத்து வந்தார்.

எண் படிக்கத் தெரியாவிட்டால் என்ன ஆகி இருக்கும்? அவர் வெள்ளை டப்பாவோடு வீடு திரும்பி இருப்பார். மோட்டார் மறுபடி உறுமி இருக்கும். பணமும் போயிருக்கும். நாளும் போயிருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

எம்.எஃப்.டி. அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும். குறைந்தால் மோட்டாருக்குத் தள்ளும் பலம் போதாது. மிகவும் கூடினாலும் கெடுதல்.

வோல்ட் அளவு பழையதற்குச் சமமாக இருக்கலாம். கூடுதலாகவும் இருக்கலாம். குறையக் கூடாது.

ஏ.சி. மோட்டாருக்கான கண்டன்சராக இருக்க வேண்டும். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றில் உள்ள டி.சி. கண்டன்சரைப் போட்டால் வெடித்துவிடும்.

மாட்டுவது எப்படி?

பிளக் வெளியே இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். பழைய ஒயர்களைப் புதிய டப்பாவின் இரண்டு முனைகளில் இறுக்கமாக இணையுங்கள். இந்தக் கண்டன்சரில் பிளஸ், மைனஸ் கிடையாது. எந்த ஒயரும் எந்த முனைக்கும் போகலாம். ஒயரின் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். முனைகள் தகட்டு மூடியில் படக் கூடாது. மூடியை முடுக்குங்கள். எர்த் ஒயர் தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட் இல்லாமல் முதலில் ஓட்டிப் பாருங்கள். மோட்டார் சட்டென்று கிளம்ப வேண்டும். "டிக்" ஓசை வர வேண்டும். நிறுத்தினால், வேகம் குறையும்போது மறுபடி "டிக்" வர வேண்டும். கிளம்பும்போது அந்த ஓசை வராவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்சுவிட்சு திறக்காமல் சிக்கி இருக்கலாம். மரத்தூள் அடைத்தால் அப்படி ஆகும். சுவிட்சு திறக்காவிட்டால் புதிய கண்டன்சரும் சூடேறி வெடிக்கும். இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட வேண்டும்.

அடிக்கடி போட்டு நிறுத்துவதும் கண்டன்சரைக் கெடுக்கும். பொதுவாக ஒரு மணி நேரத்தில் 20 தடவைக்கு மேல் கிளப்பக் கூடாது.

கெட்ட டப்பாவை உடைக்கக் கூடாது. தீயில் போடக் கூடாது. மிகப் பழைய தகர டப்பாக்கள் சிலவற்றில் நச்சு எண்ணெய் இருக்கும். குழந்தைகள் கையில் கிடைக்காமல், மின்சாரக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்க வேண்டும்.

எல்லா மோட்டாரிலும் இந்த டப்பா இருக்காது. மூன்று பேஸ் மோட்டாருக்கு இது தேவை இல்லை. சில மோட்டார்களில் இரண்டு டப்பாக்கள் இருக்கும். இரண்டிலும் உள்ள மின்சாரத்தை வடிக்க வேண்டும். முதல் தடவை செய்பவர்கள் மின்வேலை தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

மதியம் 12 மணிக்குள் அந்தப் பட்டறையில் கடைசல் எந்திரம் மறுபடி சுற்றியது. அரக்கு உருகியது. பையன் அருகில் வந்தான்.

"அக்கா, அந்த எண்களை எனக்கும் காட்டுங்கள்" என்றான்.

பேசிப் பார்ப்போம்

1. உறுமும் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும். ஏன்?
2. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரைத் தொடக் கூடாது. ஏன்?
3. புதிய கண்டன்சர் வாங்கும்போது எந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்?
4. உங்கள் ஊரில் எந்தெந்த எந்திரங்களில் இந்த டப்பா இருக்கிறது? மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெக்கானிக் ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உள்ள எண்களைப் படித்து எழுதுங்கள்.